காய்ச்சல் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்



இந்த மாதம் நான் எழுதும் காரியம் நம்முடைய வீடுகளிலும் சபைகளிலும் வாய்திறந்து பேசப்படாத ஒன்று. ஆகவே எழுதலாமா வேண்டாமா என்று சில நாட்கள் யோசித்தேன். பேசாமல் இருந்ததினால் ஒரு சகோதரன் மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியதை நேரில் கண்டபடியினால் எழுதத் துணிந்தேன். இதைக் குடும்பத்தலைவர்கள் மாத்திரமல்ல, தாய்மார்களும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம். மும்பையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தாராவியில் குடியிருந்து, விடியற்காலையில் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் மாட்டுங்கா பக்கம் விற்றுவருகிற ஒரு சகோதரன் புதன்கிழமை வீட்டுக்கூட்டத்திற்கு வரவில்லை. வயது ஐம்பத்திரண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவயதிலேயே பிழைப்புக்காக வந்தவர். "காய்ச்சல் ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்று அவருடைய மனைவி சொன்னார்கள். மறுநாள் போய் ஜெபித்தேன். அவரும் "காய்ச்சல்தான் ஐயா" என்றார். பாயில் நேராக உட்கார முடியாமல் ஒருபக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதை என் கண் கண்டது; என் வாய் ஒன்றும் கேட்கவில்லை. மெடிக்கலில் வாங்கிய காய்ச்சல் மாத்திரை அருகில் இருந்தது.

அதற்கடுத்த நாள் நள்ளிரவு கடந்து தொலைபேசி ஒலித்தது. "ஐயா, சாயங்காலத்துல இருந்து அவுகளுக்கு ஒண்ணுக்குப் போகவே வரல. வேதனையில துடிக்கிறாக. கை காலெல்லாம் சில்லிட்டுக் கெடக்கு." டாக்ஸியில் ஏற்றி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். இளம் மருத்துவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வியே, "சிறுநீர் போகும்போது எரிச்சல் எத்தனை நாளாய் இருக்கிறது?" என்பதுதான். அவர் தலைகுனிந்து, "அஞ்சு நாளா" என்றார். அது அவர் மனைவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. புரோஸ்டேட் சுரப்பியில் பாக்டீரியா கிருமி திடீரென்று பெருகி, இரத்தத்திலும் கலந்துவிட்டது என்று பிற்பாடு அறிந்தோம்.

எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார், பின்பு பல வாரங்கள் மாத்திரை சாப்பிட்டார், சுகமானார். ஒருநாள் அவரிடம், "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "ஐயா, ஒரே ரூம். வயசுக்கு வந்த ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. அதுகளுக்கு முன்னால எப்படிச் சொல்ல? பாஸ்டர்கிட்டதான் எப்படிச் சொல்ல?" என்றார். அந்தக் கடைசிக் கேள்வி என் இருதயத்தைக் குத்தியது.

அந்த உறுப்பு எது?

புரோஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மாத்திரம் உண்டு. சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர் வெளிவரும் குழாயை வளையம்போலச் சுற்றி அமைந்திருக்கிறது. வாலிப வயதில் ஏறக்குறைய 20 கிராம் எடை இருக்கும். வயது ஏற ஏற அநேகருக்குப் பெரிதாகும். விந்துவோடு சேருகிற திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. இது குழாயைச் சுற்றி இருக்கிறபடியினால், வீங்கினால் குழாய் நெருக்கப்படும். அப்பொழுது சிறுநீர் மெலிந்து வரும், சொட்டுச் சொட்டாய் வரும், அல்லது முற்றிலும் அடைபட்டுப்போகும்.

இந்தத் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் முதன்மையானது இ.கோலை. 1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்னும் குழந்தை மருத்துவர் விவரித்த இந்தக் கிருமி நம் எல்லாருடைய குடலிலும் குடியிருக்கிறது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிட்டால்தான் தொல்லை. சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் பையில் தேங்குகிறவர்கள், புரோஸ்டேட் வீக்கமோ குழாயில் சுருக்கமோ உள்ளவர்கள், சர்க்கரை வியாதியுள்ளவர்கள், சமீபத்தில் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்கள், புரோஸ்டேட்டில் சதைப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

அடையாளங்களை அறிந்துகொள்ளுங்கள்

இந்த நோய் மெதுவாய் வருவதல்ல. சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ ஆளைக் கீழே தள்ளிவிடும். அதன் அடையாளங்கள் இரண்டு கூட்டமாக வரும்.

முதல் கூட்டம் சரீரம் முழுவதையும் பற்றியது: உடலை உலுக்கும் குளிர்நடுக்கம், 100.4 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், உடல்வலி, சோர்வு, சிலருக்கு வாந்தி.

இரண்டாம் கூட்டம் சிறுநீரைப் பற்றியது: நீர்க்கடுப்பு, அடிக்கடி போகவேண்டும் என்ற அவசரம், போனாலும் முழுவதும் போகாத உணர்வு, மெலிந்த தாரை, கலங்கிய அல்லது இரத்தம் கலந்த சிறுநீர். அடிவயிற்றிலும், இடுப்பின் பின்புறத்திலும், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்திலும் வலி. உட்காரும்போதும் மலம் கழிக்கும்போதும் அந்த வலி கூடும். விந்து வெளிப்படும்போதும் வேதனை உண்டாகலாம்.

முதல் கூட்டம் மாத்திரம் இருந்தால் அது ஆயிரம் காய்ச்சல்களில் ஒன்றாயிருக்கலாம். ஒரு ஆணுக்கு இரண்டு கூட்டமும் சேர்ந்து வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். சிறுநீர் அடைபட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, கைகால் சில்லிட்டுப் புத்தி தடுமாறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

நாம் தவறுகிற மூன்று இடங்கள்

ஒன்று, "சூடு பிடித்திருக்கிறது" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அடுப்படியிலும் தையல் மெஷினிலும் பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நீர்க்கடுப்பு என்றால் சூடு என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். மோரும் இளநீரும் வெந்தயமும் நல்லவைகள்தான். ஆனால் அவை கிருமியைக் கொல்லா. சிறுநீர் அடைபட்டிருக்கும்போது மேலும் மேலும் நீர் குடித்தால் பை இன்னும் உப்பி வேதனைதான் கூடும்.

இரண்டு, மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சலையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் மும்பை மழையோடு வருகிறபடியினால், குளிர்க்காய்ச்சல் என்று மாத்திரம் சொன்னால் மருத்துவரும் அவற்றைத்தான் முதலில் தேடுவார். சிறுநீரைப் பற்றி நீங்கள் சொல்லாவிட்டால் அவர் எப்படி அறிவார்? மொழி தெரியாமல் தயங்குகிறவர்கள் இந்த வார்த்தைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: "பேஷாப் மே ஜலன் ஹை" என்றால் சிறுநீரில் எரிச்சல்; "பேஷாப் ருக் கயா ஹை" என்றால் சிறுநீர் அடைபட்டுவிட்டது; "தண்ட் லக்கர் புகார் ஆத்தா ஹை" என்றால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். இந்த மூன்று வாக்கியங்கள் ஒரு உயிரைக் காப்பாற்றும்.

மூன்று, மெடிக்கலில் கேட்டு இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கிவிடுகிறோம். இதில் மூன்று கேடு உண்டு. பரிசோதனைக்குமுன் மருந்து சாப்பிட்டால் சிறுநீரில் கிருமியைக் கண்டுபிடிப்பது கடினமாகும். அரைகுறையாய் மருந்து கண்ட கிருமி அதற்கு அடங்காமல் பழகிக்கொள்ளும். மேலும் லீவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குகிறபடியினால், உள்ளே மறைந்திருக்கும் காசநோய் கண்டுபிடிக்கப்படாமல் தள்ளிப்போகும். லீவோஃப்ளாக்சசின், செஃபிக்ஸிம் முதலிய மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றும் 2014 மார்ச் முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. கடைக்காரர் கொடுக்கிறார் என்பதற்காக நாம் கேட்கலாகாது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

பயமே அநேகரைத் தடுக்கிறது. ஆகையால் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சுத்தமான குப்பியில் சிறுநீர் கேட்பார்கள். ஒரு பகுதியை உடனே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இன்னொரு பகுதியைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கிருமியை வளர்த்து, அது எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லுவதே கல்ச்சர். முடிவுக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். காய்ச்சல் கடுமையாயிருந்தால் இரத்தத்தையும் கல்ச்சருக்கு எடுப்பார்கள். இவற்றுக்கு எடுத்துக்கொடுத்தபின் முதல் மருந்து தருவதே நலம். ஆனாலும் நோயாளி ஆபத்தான நிலையில் இருந்தால் மருந்தைத் தாமதிக்கமாட்டார்கள்.

மருத்துவர் கையுறை அணிந்து ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியை மெதுவாய்த் தொட்டுப் பார்க்கலாம். இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. சில வினாடிகளில் முடிந்துவிடும். வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறதாய் இருந்தால் நோய் தெரிந்துவிடும். ஆனால் இந்த நேரத்தில் அந்தச் சுரப்பியை அழுத்திப் பிசைவது கூடாது. கிருமி இரத்தத்தில் கலக்க அது வழியாகும். ஆகையால் மருத்துவர் அல்லாத யாரிடமும் மசாஜ் என்று போய்விடாதீர்கள்.

நிலைமை கடுமையாயிருந்தால் படுக்கையில் சேர்த்து, ஊசிவழியாக ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். சிறுநீர் அடைபட்டிருந்தால் மெல்லிய குழாய் வைத்து வடியச் செய்வார்கள். சிலருக்கு அடிவயிற்றின் வழியாகவே அந்தக் குழாயை வைப்பதுண்டு. காய்ச்சல் குறைந்து வாயால் சாப்பிட முடிந்தபின் மாத்திரைக்கு மாற்றுவார்கள். நோய் இலேசாயிருந்தால் தொடக்கத்திலிருந்தே மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. எந்த மருந்து என்பதைக் கல்ச்சர் முடிவுதான் தீர்மானிக்கவேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் மருந்துக்கு அடங்காத இ.கோலை நம் நாட்டில் மிகவும் பரவியிருக்கிறது. பெண்களின் சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு நன்றாய் வேலை செய்யும் நைட்ரோஃபுரான்டாயின், புரோஸ்டேட்டின் சதைக்குள் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. ஆகவே மனைவிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கணவன் சாப்பிடுவது பயனற்றது.

மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாட்களாகியும் காய்ச்சல் குறையாவிட்டால், சுரப்பிக்குள் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். இருந்தால் அதை வடிக்கவேண்டியிருக்கும்.

இங்கே ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் மெலியாய்டோசிஸ் என்னும் நோய் வருகிறது. இந்த நோயைக் குறித்து 1912-ஆம் ஆண்டில் உலகிற்கு முதலில் எழுதியவர்கள் ரங்கூனில் பணியாற்றிய விட்மோர் என்பவரும் அவரோடிருந்த கிருஷ்ணசாமி என்பவரும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் இதைத் தமிழகத்தில் கண்டு எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை வியாதியுள்ளவர்களையே இது அதிகமாய்ப் பிடிக்கிறது. புரோஸ்டேட்டில் சீழ்க்கட்டி உண்டாக்குவது இதன் வழக்கங்களில் ஒன்று. சாதாரண மாத்திரைகளுக்கு இது அடங்காது. நாட்கணக்கில் ஊசியும் மாதக்கணக்கில் மாத்திரையும் வேண்டும். ஆகவே மழைக்காலத்தில் ஊருக்குப்போய் வயலில் சேற்றில் இறங்கிவிட்டு வந்து காய்ச்சலாய்க் கிடக்கிறவர், அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

மருந்தை முடியுங்கள்

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். ஐந்தாம் நாள் எரிச்சல் குறையும். ஏழாம் நாள் வேலைக்குப் போகலாம்போல் இருக்கும். கூலி போகிறதே என்ற கவலையில் மாத்திரையையும் அத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து. வீக்கம் இருக்கும்போது மருந்து சுரப்பிக்குள் எளிதாய்ப் புகும். வீக்கம் தணிந்தபின் அதற்குள் மருந்து போவது கடினம். ஆகையால் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரம்வரை மருந்து சாப்பிடச் சொல்லுவார்கள். நடுவில் நிறுத்தினால், மீந்த கிருமி பதுங்கியிருந்து, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிற நாட்பட்ட நோயாக மாறக்கூடும்.

இன்னொன்று. புரோஸ்டேட் புற்றுநோயைத் தேடுவதற்காகச் செய்யும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு, இந்தத் தொற்றின் நாட்களில் மிகவும் உயர்ந்து காணப்படும். அதைக் கண்டு புற்றுநோய் என்று கலங்கிவிடாதீர்கள். சுகமாகிச் சில வாரங்கள் சென்றபின் பார்த்தால்தான் அது சரியான கணக்கு.

மனைவிமாருக்கு

இந்த இடத்தில் வியாதி என்று கேட்டவுடனே சிலருடைய மனதில் சந்தேகம் எழும்பும். தெளிவாய்ச் சொல்லுகிறேன்: பெரும்பாலும் இது நம்முடைய சொந்தக் குடலின் கிருமியால் வருவது. ஒழுக்கக்கேட்டின் அத்தாட்சி அல்ல. கணவனிடமிருந்து மனைவிக்குத் தொற்றுகிறதும் அல்ல. கொனோரியா, கிளமிடியா என்னும் பால்வினைக் கிருமிகளாலும் சிலருக்கு, முக்கியமாய் வாலிபருக்கு, இது வருவதுண்டு. அதைப் பிரித்தறிய மருத்துவருக்குத் தெரியும். அவர் தனியாய்க் கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிடுவதே அந்த மனிதனுக்கும் அவன் மனைவிக்கும் பாதுகாப்பு. நீங்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் அவர் இன்னும் அதிகமாய் மறைப்பார். மறைக்கிற ஒவ்வொரு நாளும் கிருமியின் நாள்.

எங்கே போவது?

தாராவியில் இருக்கிறவர்களுக்கு, நாம் சோட்டா சயான் என்று அழைக்கும் நகர்ப்புற சுகாதார மையம் அருகிலேயே இருக்கிறது. அவசரமானால் சயான் மருத்துவமனை என்று நாம் சொல்லுகிற லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனைக்குப் போகலாம். செம்பூர் பக்கத்தாருக்குக் கோவண்டி சதாப்தி மருத்துவமனையும் காட்கோபர் ராஜாவாடி மருத்துவமனையும் உண்டு. பரேலில் கே.இ.எம். இருக்கிறது. நடக்கமுடியாத நிலையில் 108 எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். பழைய மருந்துச் சீட்டுகளையும், சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரைகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, என் உடன் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. எசேக்கியா ராஜா சுகமடைந்த சரித்திரத்தில் அத்திப்பழம் மருந்தாய் வைக்கப்பட்டதை நாம் அறிவோம். ஜெபத்திற்கும் மருந்துக்கும் பகை இல்லை. அன்றைக்கு நான் ஜெபித்தது தவறல்ல. கேட்காமல் எழுந்து வந்ததுதான் தவறு. இப்பொழுதெல்லாம் காய்ச்சலாய்க் கிடக்கிற சகோதரனைப் பார்க்கப் போனால், பிள்ளைகளைச் சற்று வெளியே அனுப்பிவிட்டு, "சிறுநீர் சரியாய்ப் போகிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜெபிக்கிறேன். முதல்முறை கேட்டபோது எனக்கே நாக்கு தடுமாறியது. இப்பொழுது பழகிவிட்டது.

அந்த இட்லிக்காரச் சகோதரன் இன்றைக்கும் விடியற்காலையில் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போகிறார். அவருடைய மூத்த மகளுக்குத் திருமணமாகிவிட்டது. மருமகனைத் தனியே அழைத்து அவர் சொன்ன முதல் புத்திமதி, "மாப்பிள்ளை, ஒடம்புக்கு எதுன்னாலும் மறைக்காமச் சொல்லிருங்க" என்பதாம். அதையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன்.

ஆமென்.